என் பாஸ்வேர்டில் பேசிய பெண்

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதியில் பதினோரு வருடம் சமைத்தேன். வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் விடுதி என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அந்தச் சாமான் அறைதான். அரிசி மூட்டை, பருப்பு டின், மூலையில் ஓடாத ஒரு பழைய கிரைண்டர். அந்தக் கிரைண்டர் மேல் உட்கார்ந்துதான் அந்தப் பெண் தன் அப்பாவோடு பேசுவாள்.

அவளுக்கு மீமிசல். அப்பா வெளிநாட்டில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் அவருக்குக் கரை. அம்மா ஊரில் கருவாடு காயப்போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மீமிசலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிக்க முடியாது. போகவும் வரவுமே பாதிப் பொழுது போய்விடும். விடுதியில் சேர்ந்த முதல் வாரமே அவள் என்னிடம் சொன்னாள்:

"எங்கப்பா சொல்லிருச்சு ஆத்தா. ஹாஸ்டல்ல எடம் இருக்கிற வரைக்கும் படி, எடம் போச்சுன்னா படிப்பும் போச்சு, வீட்டுக்கு வந்துருன்னு."

"அது எங்க போவப்போவுது? நீ ஒழுங்காப் படி" என்றேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அரிமளத்துப் பக்கம். நிலம் உள்ள வீட்டில் பிறந்தேன், நிலம் உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்காரர் போன பிறகு மகன் வீட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு மனம் ஒப்பவில்லை. எனக்குத் தெரிந்தது சமையல். நூறு பேருக்கு ஒரே கையாக உலை வைப்பேன், ஒரு பருக்கை குழையாது. விடுதியில் வார்டன் மேடம் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் என்னை வாங்க, போங்க என்றுதான் பேசுவார்கள். அப்படி நடந்துகொண்டேன்.

படிப்பு மட்டும் இரண்டாம் வகுப்பு. பஸ் போர்டைக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாது. இதை எழுதுவதே ஒரு நாளைக்கு நாலு வரி, ஐந்து வரி என்றுதான் போகிறது. விடுதியில் இதை ஒருவருக்கும் தெரியவிட்டதில்லை. காலையில் பேப்பர் வந்ததும் முதலில் நான்தான் விரிப்பேன். படங்களைப் பார்த்துவிட்டு, "என்னத்தப் போட்டிருக்கான், அம்புட்டும் பொய்யி" என்று மடித்து வைத்துவிடுவேன். படித்துவிட்டேன் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

விடுதிக்கு வைஃபை வந்தது அந்தப் பெண் சேர்ந்த வருடம்தான். பழைய கட்டடம், தடித்த சுவர், உள்ளே டவர் எடுக்காது. பிள்ளைகள் போனைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கும் கேட்டுக்கும் ஓடுவார்கள். அதனால் வார்டன் மேடம் அறையில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். அந்த அறைக்கு அடுத்த சுவர்தான் என் சாமான் அறை. பெட்டியின் வேகம் மற்ற எல்லா இடத்தையும் விட அங்கேதான் நன்றாக வந்தது. "அரிசி மூட்டை டவரு" என்று பிள்ளைகள் பேர் வைத்துவிட்டார்கள். "ஆத்தா, உங்க மூட்டையில ஒரு ஓரமா உக்காந்துக்கவா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். உளுந்தைப் புடைத்துக் கொடுத்தால் உட்காரலாம் என்பேன்.

பெட்டி வந்த கையோடு சட்டமும் வந்தது. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார்கள். பிள்ளைகள் சாப்பிடும்போது வார்டன் மேடம் அதை வாசித்தார்கள். ஆளுக்கு ஒரு ஐடி, ஒரு பாஸ்வேர்டு. ஒருத்தி ஐடியை இன்னொருத்தி போடக் கூடாது. சினிமா இறக்கக் கூடாது. அறையில் தனியாகப் பெட்டி வாங்கி வைக்கக் கூடாது. நெட்டில் பேசுகிற போன் கால், வீடியோ கால் எல்லாம் மாணவிகள் ஐடியில் அடைத்திருக்கிறது. மீறினால் விடுதி இடம் ரத்து.

"ஏன் மேடம் வீடியோ காலை அடைச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நீங்க யாருகூடப் பேசுறீங்கன்னு நான் வந்து பாத்துக்கிட்டா இருக்க முடியும்?" என்றார்கள் மேடம்.

அதே வாரம் எங்கள் வருகைப் பதிவையும் போனுக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் காலையில் பாஸ்வேர்டைப் போட்டு அந்த வைஃபைக்குள் போய் அமுக்கினால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. எனக்கு ஐடி போட்டுக் கொடுக்கக் கல்லூரியிலிருந்து கம்ப்யூட்டர் தம்பி வந்தார். வார்டன் மேடமும் கூட இருந்தார்கள்.

"அம்மா, உங்களுக்கு மறக்கவே மறக்காத ஒரு பேரு சொல்லுங்க. அதையே பாஸ்வேர்டா போட்டுருவோம்."

மறக்காத பேர் எனக்கு ஒன்றுதான் உண்டு. அதைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டோம். ஆஸ்பத்திரியில் கேட்டால் ரேஷன் கார்டை நீட்டி, "இதுல இருக்கு, பாத்துக்கங்க" என்பேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது மாறவில்லை. அன்றைக்கும் இடுப்புப் பையிலிருந்து கார்டை எடுத்து, கணவர் பெயர் இருக்கிற இடத்தில் விரலை வைத்தேன்.

தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஐயா பேரா? சரி, அதோட வீட்டுக் கதவு நம்பரையும் சேத்துக்குவோம். மேடம், இதைவிடப் பத்திரமான பாஸ்வேர்டு இந்தக் காலேஜுலயே கிடையாது. கட்டிவச்சு அடிச்சாலும் அம்மா வாயிலேருந்து வெளிய வராது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தம்பி ஒரு தாளை நீட்டி, "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். இங்கிலீஷ் தாள். கொஞ்ச நேரம் அதை வைத்துப் பார்த்தேன். "படிச்சாச்சு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் போன் அந்த வார்த்தையைக் கேட்டது. கட்டம் கட்டமாக இங்கிலீஷ் எழுத்து. நான் போனைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறேன். அந்த நேரத்தில் மீமிசல் பெண் சுடுதண்ணீருக்கு வந்தாள்.

"ஏ புள்ள, கண்ணாடிய ரூம்ல வச்சுட்டு வந்துட்டேன். இதைக் கொஞ்சம் அமுக்கிவிடு."

"பாஸ்வேர்டு சொல்லுங்க ஆத்தா."

கார்டை நீட்டினேன். அவள் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. "எங்கம்மாவும் எங்கப்பா பேரச் சொல்லாது. 'ஏங்க'ன்னுதான் கூப்பிடும். கடல் அந்தப் பக்கம் இருக்கிற மனுசனையும் போன்ல 'ஏங்க'தான்" என்று சொல்லிக்கொண்டே அமுக்கிக் கொடுத்தாள்.

அதிலிருந்து தினமும் அவள்தான். நாலாம் நாள் நான் கண்ணாடியைத் தேடுவது போலத் தேடினேன். "ஆத்தா, நீங்க கண்ணாடியே போடுறதில்லையே" என்றாள். நான் உலையைக் கிளறப் போய்விட்டேன். அவளும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. கேட்காமலே சாமான் சீட்டையும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள். யாராவது உள்ளே வந்தால், "நீங்க சொல்லுங்க ஆத்தா, நான் எழுதுறேன்" என்று பேச்சை மாற்றிவிடுவாள். என் மானத்தை என்னைவிடப் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அழுதுகொண்டே வந்தாள். கேட்டுக்குப் போய் வெயிலில் நின்று அப்பாவோடு பேசியிருக்கிறாள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை அறுந்துவிட்டது. வாட்ச்மேனும் உள்ளே போ என்று விரட்டிவிட்டார்.

"ஒரு வாரமா பேசலை ஆத்தா. அப்பாவுக்குக் கையில அடிபட்டிருச்சுன்னு அம்மா சொல்லுச்சு. எப்படி இருக்குன்னு பாக்கக்கூட முடியலை."

"என்னோடதப் போட்டுக்க" என்றேன். வேலை பார்க்கிற எங்கள் ஐடியில் வீடியோ காலுக்குத் தடை கிடையாது.

"வேணாம் ஆத்தா. அடுத்தவங்க ஐடியப் போடக்கூடாதுன்னு ரூல்ஸ்ல இருக்கு."

"அது உங்களுக்கு. எங்களுக்கில்லை."

"உங்களுக்குந்தான். நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்லயே இருக்கே."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. படிக்காமல் கையெழுத்துப் போட்டதை எடுத்து முன்னால் வைத்த மாதிரி இருந்தது.

"எனக்குத் தெரியாதா என்ன இருக்குன்னு? படிச்சுத்தான் போட்டேன். பெத்தவன்கிட்டப் பேசுறதுக்கு எந்தச் சட்டமும் கிடையாது. பக்கத்து வீட்டுல உறைமோர் இல்லைன்னா நம்மதுல ஒரு கரண்டி ஊத்தறதில்லையா? போடு, நான் சொல்றேன்ல."

அவள் தயங்கித் தயங்கித் தன் போனில் போட்டாள். கார்டை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிரைண்டர் மேல் வந்து உட்கார்ந்துவிடுவாள். அந்த அப்பா வெயிலில் கறுத்து, கையில் ஒரு கட்டோடு படத்தில் வருவார். தங்குகிற இடத்தைக் காட்டுவார், முந்தின நாள் பிடித்த மீனைத் தூக்கிக் காட்டுவார். "என்னத்தா, உங்க சமையலம்மா இருக்காங்களா? காட்டு" என்பார். நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு எட்டிப் பார்ப்பேன்.

"புள்ளையப் பாத்துக்கங்க ஆத்தா. எளைச்சுப் போயிருக்கு."

"உங்க புள்ளை எளைச்சா எனக்குத்தான் கேவலம். மூணு இட்லிக்கு மேல திங்கிறதில்லை, நீங்களே கேளுங்க."

"அடுத்த தடவை வரும்போது உங்களுக்கு என்ன வாங்கியாரட்டும்?"

"அந்த மீனுல ஒண்ணக் கொண்டாங்க" என்பேன். மூன்று பேரும் சிரிப்போம். நாலைந்து மாதம் இப்படிப் போனது. என் வயதில் ஒரு வாரத்தில் ஒரு நாளை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தது அப்போதுதான்.

பிறகு ஒருநாள் வார்டன் மேடம் கூப்பிட்டு அனுப்பினார்கள். அறையில் மேடமும், விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சாரும், கம்ப்யூட்டர் தம்பியும் இருந்தார்கள்.

"சமையலம்மா, உங்க ஐடியில வெள்ளிக்கிழமை தவறாம ஒரு மணி நேரம் வீடியோ ஓடியிருக்கு. சீரியல் பாக்குறீங்களா?" என்று மேடம் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். "சீரியல் இல்லை மேடம். வேற ஒரு போன்லேருந்து போட்டிருக்காங்க" என்று தம்பி ஒரு தாளைக் காட்டினார். அதில் அந்தப் பெண்ணின் பேர் இருந்திருக்கிறது.

அவளைக் கூப்பிட்டார்கள். வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அடுத்தவங்க ஐடியப் போட்டா சீட்டுப் போயிரும்னு தெரியுமா, தெரியாதா?" என்றார் சார்.

"தெரியும் சார். எங்கப்பாகிட்ட மட்டுந்தான் பேசினேன். ஆத்தாவுக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஐடியக் குடுத்திருந்தா குடுத்தவங்களுக்கும் வேலை கிடையாதும்மா" என்றார் சார். "படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

தம்பி ஒரு மாதிரியாகச் சிரித்தார். "படிச்சாங்களோ என்னமோ சார். காலைல இவங்க அட்டெண்டன்ஸையே யாரு போடுறான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு."

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னால் அது பாதிதான். வேலை போனால் வேறு வேலை. எனக்குத் தாங்காதது அந்தச் சிரிப்பு. நான்தான் கொடுத்தேன் என்று சொன்னால், எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். தினமும் இவள்தான் அமுக்கித் தருகிறாள், எனக்கு ஓர் எழுத்துத் தெரியாது, பேப்பரை விரித்துப் படம் பார்த்தேன் என்று எல்லாம் வரிசையாக வெளியே வந்துவிடும். அத்தனையும் ஒரு நொடியில் என் மனதில் ஓடியது.

"பாஸ்வேர்ட நீங்க சொன்னீங்களாம்மா?" என்று மேடம் கேட்டார்கள்.

"என் வாயால நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை" என்றேன்.

பொய் என்று ஒருவரும் அதைச் சொல்ல முடியாது. அது தெரிந்துதான் சொன்னேன்.

"அது நெசந்தான் மேடம்" என்றார் தம்பி. "ஐயா பேரு அது. எங்கிட்டயே சொல்லலை, ரேஷன் கார்டைத்தான் காட்டினாங்க."

மேடம் அவள் பக்கம் திரும்பினார்கள். "அப்ப நீ எப்படிப் போட்ட?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். முருகன் படம் போட்ட காலண்டர். மாட்டியிருந்த ஆணி துருப்பிடித்திருந்தது. அது வரைக்கும் நினைவிருக்கிறது.

"கார்டப் பாத்துப் போட்டேன் மேடம்" என்றாள்.

கார்டை யார் காட்டினார்கள் என்று அவளும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வயதானவள் அசந்த நேரத்தில் கார்டை எடுத்துப் பார்த்துவிட்டாள் என்று அவர்களாகவே முடித்துக்கொண்டார்கள். அவள் என் மேல் இரக்கப்பட்டாளா, சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்று விட்டுவிட்டாளா, எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் இடம் ரத்து என்று கடிதம் கொடுத்தார்கள். வீட்டுக்கும் ஒன்று போனது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். நான் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

"ஆத்தா, உளுந்து அடுத்த வாரத்துக்குக் காணாது. சீட்டுல எழுதி டின்னுக்கு மேல வச்சிருக்கேன்."

"ம்."

"அட்டெண்டன்ஸ வேற யாரையாச்சும் வச்சுப் போட்டுக்கங்க. பத்தாம் நம்பர் ரூம் புள்ளை நல்ல புள்ளை, வெளிய சொல்லாது."

அதற்கும் ம் என்றேன். கொஞ்ச நேரம் நின்றாள். வாசற்கதவு சத்தம் கேட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க இருபது நிமிடம் ஆகும். பஸ் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். அதற்குள் நான் மேடம் அறைக்கு நூறு தடவை போய் வந்திருக்கலாம். தட்டையே கழுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலையில் பத்தாம் நம்பர் பெண்ணிடம் நான் போகவில்லை. என் வருகை பதியாமலே கிடந்தது. வாட்ச்மேன் பார்த்து இரக்கப்பட்டு, நெட் வரவில்லை என்று நோட்டில் எழுதி வைத்தார். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே ஓட்டினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாமான் அறைக்குள் போவதையே விட்டுவிட்டேன். வேண்டிய சாமானைக் காலையிலேயே எடுத்து வைத்துவிடுவேன். நாற்பது நாள் கழித்துத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. மேடம் தனியாக இருக்கும்போது போய் நின்றேன்.

"மேடம், அந்தப் புள்ளை திருடலை. நான்தான் கார்டக் காட்டிப் போடச் சொன்னேன். அது வேணாம் வேணாம்னுச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது மேடம்."

மேடம் பேனாவை மூடி வைத்தார்கள்.

"அந்த எடத்துல வேற புள்ளை வந்தாச்சும்மா. மீமிசல் புள்ளை டிசியும் வாங்கிட்டுப் போயிருச்சு. இப்ப உங்களை அனுப்பிச்சா நாளைக்கு நூறு புள்ளைக்கு யாரு சமைக்கிறது? போங்க. போயி அடுப்பப் பாருங்க."

என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்த வருடம் முடிந்ததும் நானே வேலையை விட்டுவிட்டேன்.

விட்ட அடுத்த வாரம் மீமிசலுக்குப் பஸ் ஏறினேன். கேட்டுக் கேட்டுப் போனதில், அவள் அம்மா வெட்டவெளியில் வலையை விரித்து மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விடுதிச் சமையலம்மா என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்க ஆத்தா, வாங்க. அங்க இருந்த வரைக்கும் உங்க பேச்சுத்தான் பேசும். உங்க கொழம்பு மாதிரி நான் வைக்கிறதில்லையாம்."

"புள்ளை எங்கத்தா?"

"திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிருச்சு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றைக்கூட மறைக்கவில்லை. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அடுத்தவர் கார்டை எடுத்தவள் என்று கடிதத்தில் போட்டிருந்ததாம்.

"நான் அதை அடிச்சேன் ஆத்தா" என்றாள். "ஏன்டி அடுத்தவங்க பொருளத் தொட்டன்னு வெளக்கமாத்தால அடிச்சேன். வாயத் தொறக்கலையே. அவங்கப்பா ரெண்டு மாசம் அதுகூடப் பேசலை. வெள்ளிக்கிழமை போன் வந்தா எங்கிட்ட மட்டும் பேசிட்டு வச்சுரும். அது பக்கத்துலயே உக்காந்திருக்கும்."

அப்படியே மணலில் உட்கார்ந்தேன்.

"இதை அங்கிட்டுல்ல சொல்லியிருக்கணும். இங்கிட்டு வந்து சொல்லி நான் என்ன செய்ய?" என்றாள். சத்தம் போடவில்லை. போனை எடுத்து மகளுக்குப் போட்டாள். "உங்க ஆத்தா வந்திருக்காங்க" என்று மட்டும் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

"ஆத்தா, நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" அதே குரல்.

"ஏ புள்ள, நான் மேடம்கிட்ட உண்மையச் சொல்லிட்டேன்."

"எப்ப ஆத்தா?"

"நீ போயி நாப்பது நாள் கழிச்சு."

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. வரிசையாக நிறைய மெஷின்கள் ஓடுகிற சத்தம்.

"சரி ஆத்தா. சூப்பர்வைசர் பாக்குறாரு, வச்சுர்றேன்" என்றாள்.

அம்மாக்காரி போனை வாங்கி முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு குனிந்து வெயில் படாத பக்கம் மேலே வரும்படி மீன்களைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள். என்னைப் போங்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் எழுந்து வலையின் இந்த ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன். இரண்டு பேரும் நடுவில் வந்து சேரும் வரை அவள் தலையைத் தூக்கவே இல்லை.